தவறில்லாத நாட்கள்

நல்ல நாற்காலி ஐயா இது. முதுகு சாய்த்து உட்கார முடிகிறது. பதினொரு வருஷம் சிமென்ட் மூட்டை சுமந்தவன் கண்ணில் முதலில் படுவது நாற்காலிதான்.

அந்த மூட்டைக் கிடங்கின் வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை தொங்கும். எவனுக்காவது விரல் நசுங்கினால் மேஸ்திரி துணியைச் சுற்றிவிட்டு, "வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுடா" என்பார். பலகையில் எண் குறையாது. அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை.

இடுப்பு விட்டுப்போன பிறகு இந்த ஆன்லைன் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். மருத்துவக் கருவிகள் விற்கும் கடை. திருட்டு கார்டில் வரும் ஆர்டரை மடக்குவது என் வேலை. திருடனுக்கு அவசரம் இருக்கும். முகவரி புதிதாக இருக்கும். கார்டு ஒருவர் பேரிலும் போன் இன்னொருவர் பேரிலும் இருக்கும். என் தலைக்கு மேலே மேலாளர் 'தவறில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை மாட்டியிருந்தார். திருட்டை விட்டாலும் தவறு, நல்ல ஆர்டரை ரத்து செய்தாலும் தவறு. இது நடந்த அன்று பலகையில் 211.

மூச்சுக் கருவிக்கான பேட்டரி கேட்டு ஒரு ஆர்டர் வந்தது. புருஷன் கார்டு, பெண்டாட்டி போன், போன வாரம் குடிபோன வீடு. கூப்பிட்டு, கார்டுக்காரர் பிறந்த தேதியைக் கேட்டேன்.

"வருஷமே குத்துமதிப்பாத்தான் தெரியும்ணே. கார்டு குடுக்கும்போது பேங்க்ல அவங்களே ஏதோ ஒரு தேதி போட்டுக்கிட்டாங்க. கல்லு உடைச்சே அவருக்கு நெஞ்சு போச்சு, பேசினா மூச்சு வாங்குது. இங்க கரண்டு வேற போய்ப் போய் வருது. பழைய பேட்டரி செத்துப்போச்சுண்ணே."

எனக்கும் பிறந்த தேதி சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதுதான். ஆனாலும் விதி விதிதான். ரத்து செய்தேன்.

ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கார்டில் அதே பேட்டரி. பிறகு தெருக்கோடித் தையல்காரர் கார்டில். மூன்று கார்டு, ஒரே வீடு. இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அவற்றையும் ரத்து செய்தேன்.

மறுநாள் காலை வாசல் காவலாளி ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தார்.

"யோவ், திருடன் புடிக்கிற புலி, நேத்து நீ சொன்ன திருடி வந்திருக்கா. திருட வந்தவ பொருளைக் கையோட கொண்டாந்து காட்டுறா. இது என்ன கூத்துய்யா?"

பைக்குள் உப்பிப்போன பேட்டரி. எங்கள் கடை ஸ்டிக்கர். எண்ணைத் தட்டிப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்களே அவள் புருஷனுக்கு விற்றது. அலமாரியில் அதே பேட்டரி ஏழு இருந்தது. பத்தடி நடந்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், ரத்து செய்தது தவறு என்று பதிவாகும்.

நானே வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு கடையில இருக்காம். பஸ் புடிச்சுப் போகட்டுமா?"

"எதுக்கும்மா அலையுறே? நான் பாஸ் பண்ணிட்டேன். மத்தியானத்துக்குள்ள வந்துரும். போய் அவர் பக்கத்துல இரு."

கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நான் எதையும் அனுப்பவில்லை. அவள் வாசலில் நின்று சத்தம் போட்டால் மேலாளர் காதுக்குப் போகும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். நாலு தடவை போன் செய்தாள். நாலு தடவையும் "வண்டி கிளம்பிடுச்சும்மா" என்றேன். சாயங்காலம் கரண்டு போய், திரும்பி வருவதற்குள் அவர் முடிந்துவிட்டார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இருக்கலாம். நான் அங்கே இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. நேற்று நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வரும்போது பலகையில் 230.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டிலிருந்து அதற்கப்புறம் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. நிஜமாகவே தேவைப்பட்டவர்கள் என்றால் மறுபடியும் கேட்டிருக்க மாட்டார்களா?