பஷீரை அழிக்கும் வேலை

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் ரயிலில் எனக்கு எதிரே ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் கயிறு கட்டிய பெரிய பெட்டி. அதன்மேல் 'பஷீர், துபாய்' என்று எழுதியிருந்தது. பூதலூர் தாண்டியதும் அந்தப் பெண் சொன்னாள்:

"தினம் காலையில முதல் வேலையா உங்களைத்தான் மச்சான் அழிக்கிறேன்."

"என்னையா?"

"எங்க கம்பெனி ஆப்புல புதுசா கணக்குத் தொடங்க முடியுதான்னு சோதிக்கிறதுதானே என் வேலை. நான் எழுதின புரோகிராம் தானாவே உங்க பேர்ல ஒரு கணக்குத் தொடங்கும். டேட்டாபேஸ்ல பதிவாயிருக்கான்னு பார்க்கும். பார்த்ததும் அழிச்சிடும்."

"இருந்துட்டுப் போறேனே, ஏன் அழிக்கணும்?"

"மறுநாளும் அதே பேர்ல தொடங்கணுமே. ஒரு தடவை அழியாம நின்னுட்டீங்க. காலையில பார்த்தா, 'பஷீர் ஏற்கெனவே இருக்கிறார்'னு வந்துச்சு."

அவர் சிரித்தார். "பயந்துட்டியாக்கும்."

"இல்ல. ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தேன்."

அவர் சிரிப்பு நின்றது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன, அழிச்சிட்டு வேலையைப் பார்த்தேன்."

திருச்சியில் பெட்டியை இறக்கும்போது அவர் சொன்னார்:

"பெருநாளுக்கு வந்துடறேன். வந்தா அழிச்சிடாதே."