மாலை 4.42-க்கு மாறிய விருப்பப் பட்டியல்

புதுக்கோட்டை சைபர் கிரைம் காவல் நிலையத்தில் 11.08.2025 திங்கட்கிழமை காலை 11 மணிக்கு, உதவி ஆய்வாளர் திரு. ரத்தினவேல் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

பெயர் பிரகதாம்பாள், வயது 43, கணவர் பெயர் ஆனந்தராஜ், தொழில் நெட் சென்டர், விலாசம் கோயில் வடபுறத் தெரு, திருக்கோகர்ணம், புதுக்கோட்டை.

நான் மேற்படி விலாசத்தில் கணவர், மகளுடன் குடியிருந்து வருகிறேன். கீழே கடை, மாடியில் வீடு, இரண்டுக்கும் ஒரே இணைய இணைப்பு. என் கணவர் டவுன் பஸ் கண்டக்டர். ஒரே மகள் மணிமேகலை, இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். ரோஷன் பேகம் என்பவர் கொடுத்த மனு சம்பந்தமாக என்னை வரும் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் வியாழக்கிழமை கல்லூரி சீட் ஒதுக்கீடு. அதனால் நான் இன்றைக்கே வந்துவிட்டேன். யாரும் இழுத்து வரவில்லை, நானாக வந்தேன் என்பதை முதலிலேயே எழுதச் சொன்னேன்.

பதினான்கு வருடமாகக் கடை நடத்துகிறேன். ஒரு கம்ப்யூட்டர், அதில் இரண்டு பிரவுசர். ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டு மென்பொருள் எதுவும் போடமாட்டேன். எக்ஸ்டென்ஷன் இருந்தால் சில விண்ணப்பப் பக்கங்கள் முரண்டு பிடிக்கும், பட்டன் அமுங்காது, அதற்காக அதைக் காலியாக வைத்திருக்கிறேன். குரோமில் நான்கு எக்ஸ்டென்ஷன் உண்டு. ஒன்று தமிழ் டைப் அடிக்க, ஒன்று விளம்பரத்தை மறைக்க, ஒன்று லாகின் பாதியில் அறுந்துபோகாமல் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க, ஒன்று பெயர் விலாசத்தைத் தானாக நிரப்ப. இரண்டில் எது நல்லது என்று கேட்பார்கள். கடையில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன். கூட்டம் இருந்தால் குரோம், இல்லாவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ்.

போன வருடம் அந்த நிரப்புகிற எக்ஸ்டென்ஷன், விக்ரம் என்ற பையனின் விண்ணப்பத்தில் வேறு ஆளின் பின்கோடைப் போட்டுவிட்டது. அதிலிருந்து கடையில் என்ன தப்பு நடந்தாலும் "அந்தச் சனியன் புடிச்ச எக்ஸ்டென்ஷன்" என்று திட்டுவது என் வாய்ப்பழக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்திலும் எல்லோரும் அதன் மேல்தான் பழியைப் போட்டார்கள். முதலில் போட்டது நான்தான்.

பாஸ்வேர்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் யாரும் பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்வது கிடையாது. ஒரு வருடம் கழித்து வந்து, "அக்கா, அன்னைக்கு என்னமோ போட்டீங்கள்ல, அதைப் போட்டுத் தொறங்க" என்று நிற்பார்கள். முதலில் நோட்டில் எழுதி வைத்தேன். மழையில் நோட்டு நனைந்து ஒரு மாதம் எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன். அதன் பின் குரோம் "சேமிக்கவா" என்று கேட்கும்போதெல்லாம் சரி என்று அமுக்கிவிடுவேன். ஆளைக் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் படுத்தால் எதுவும் போய்விடக்கூடாது என்று என் மெயிலைப் போட்டு குரோமுக்குள் நுழைந்து, எல்லாம் அதில் ஏறும்படி வைத்திருந்தேன். மகள் பள்ளிக்கூட புராஜெக்ட்டுக்குத் தமிழ் டைப்பிங் வேண்டும் என்று கேட்டபோது, மாடியில் இருக்கும் லேப்டாப்பிலும் அதே மெயிலைப் போட்டுக் கொடுத்தேன். எக்ஸ்டென்ஷன் வந்தது. கூடவே நானூறு பேருடைய பாஸ்வேர்டும் மாடிக்குப் போயிருக்கிறது. அது என் மண்டையில் ஏறவில்லை.

ரோஷன் பேகத்தின் மகள் சாமியாவும் என் மகளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அடுத்த தெருதான், எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. ரோஷன் பேகத்துக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போய் நான்கு மணி நேரம் பக்கத்தில் இருப்பது சாமியாதான். அந்த மெஷினைப் பார்த்துப் பார்த்தே டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்புதான் படிப்பேன் என்று நின்றாள். உள்ளூர்க் கல்லூரி கிடைத்தால் படிப்பு, வெளியூர் என்றால் அம்மாவை விட்டுவிட்டுப் போக முடியாது. என் மகளும் அதே படிப்பு, அதே கல்லூரிதான் கேட்டாள். சாமியா தரவரிசையில் நான்கு இடம் முன்னால் இருந்தாள். போன வருடப் பட்டியலை வைத்து மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கடைசி சீட் இந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு வந்து நிற்கும் போலத் தெரிந்தது. சிரித்துக்கொண்டுதான் பேசினோம்.

06.08.2025 புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு சாமியா அம்மாவுடன் வந்தாள். விருப்பப் பட்டியலில் இருபத்திரண்டு கல்லூரிகளை வரிசைப்படுத்தினோம், முதல் இடத்தில் உள்ளூர்க் கல்லூரி. மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். குரோம் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்றது, சரி என்று அமுக்கினேன். அன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை சாமியா போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அத்தை, நம்மூரு காலேஜு பதினேழாவதா இருக்கு. மொதல்ல நாகர்கோவில் பக்கம் இருக்கு" என்றாள். பட்டியல் பூட்டியிருந்தது. கலந்தாய்வு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்தது. மாற்றம் 6-ம் தேதி மாலை 4.42-க்கு, காலையில் நிரப்பிய அதே இணைய இணைப்பிலிருந்து செய்யப்பட்டிருக்கிறது. மென்பொருள் கோளாறோ, நிரப்பிக் கொடுத்தவரின் பிழையோ என்றால் விண்ணப்பதாரரே பொறுப்பு. வேறொருவர் வேண்டுமென்றே மாற்றினார் என்றால், யார் என்று காவல்துறை எழுதித் தந்தால் ஒதுக்கீட்டுக்கு முன் பட்டியல் திறக்கப்படும். அதைப் படித்துவிட்டுத்தான் ரோஷன் பேகம் இங்கே மனு கொடுத்தார். என் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கெஞ்சியதாகப் பிறகு தெரிந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தத் தளத்தில் பழகிப் பார்ப்பதற்கென்று ஒரு மாதிரிப் பக்கம் இருக்கிறது. அதில் இருபத்திரண்டு கல்லூரிகளைப் போட்டுச் சேமித்து, நான்கு எக்ஸ்டென்ஷனையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன், பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஃபயர்ஃபாக்ஸிலும் செய்தேன். வரிசை ஒரு தடவைகூடக் கலையவில்லை. அதன் பின் 4.42-க்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேடினேன். முனியாயி என்பவருக்கு முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் ஏற்றியிருக்கிறேன், ஃபயர்ஃபாக்ஸில். ரசீதில் 4.44 என்று இருக்கிறது. குரோமை அன்று நான்கு மணிக்கே மூடிவிட்டேன். மூடிக் கிடக்கிற பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் எப்படி வேலை செய்யும்?

அதன் பின் குரோமில் வரலாறு பக்கத்தைத் திறந்தேன். பிற சாதனங்கள் என்று ஒரு இடம் உண்டு, பதினான்கு வருடத்தில் அதை நான் தொட்டதே கிடையாது. அமுக்கினேன். மாடி லேப்டாப்பின் பெயர் வந்தது. அதில் மூடாமல் விட்ட பக்கம் ஒன்று, கலந்தாய்வுத் தளம், விருப்பப் பட்டியல், 6-ம் தேதி. அந்த நேரத்தில் கணவர் டியூட்டியில், நான் கடையில்.

இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். 'வீட்டிலிருந்த யாரோ ஒருவர்' என்று எழுதி வாசித்துக் காட்டினார். "ஏம்மா, இப்படியே இருக்கட்டும். அப்புறமா விசாரிச்சுக்கலாம். வயசுப் புள்ள, நாளைக்கு ஒரு வேலைக்குப் போறப்ப இது வந்து நிக்கும்" என்றார். விசாரிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். வியாழனுக்குள் முடியாது என்றார். அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன்.

நேற்று மாடிக்குப் போய்க் கேட்டேன். மகள் மறுக்கவில்லை. பக்கத்தைத் திறந்ததும் சாமியாவின் பெயரும் பாஸ்வேர்டும் தானாக வந்து நின்றன என்றாள். "அழிக்கலம்மா, கீழ தள்ளித்தான் விட்டேன். அவ மார்க்குக்கு எங்கிட்டாவது கெடைச்சிரும். எனக்கு இது ஒண்ணுதாம்மா" என்றாள். நான் அவளை அடித்தேன். பதினேழு வயதுப் பிள்ளையை அடித்தது தப்பு, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

சாயங்காலம் கணவர் வந்து, "இந்தா பிரகதா, எக்ஸ்டென்ஷன் மேல போட்டுரு. அது என்ன ஜெயிலுக்கா போகப் போவுது?" என்றார். தகப்பன் மனது, குற்றம் சொல்லமாட்டேன். எனக்கும் பெற்ற வயிறுதான், நானும் யோசித்தேன். அப்படிச் சொன்னால் சாமியாவே நம்புவாள், என்னை ஆறுதல்கூடப் படுத்துவாள். வியாழக்கிழமை அவளுக்கு நாகர்கோவில் வரும். வெள்ளிக்கிழமை வழக்கம்போல அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கடையைத் தாண்டித்தான் போவாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது.

அடுத்தவர் பாஸ்வேர்டைக் கேட்காமல் சேமித்ததும், அதை மாடிக்கு அனுப்பியதும் நான். தண்டனை எதுவானாலும் எனக்குப் பாதி உண்டு.

இன்று காலை கிளம்பும்போது மகள், "என் பேரைச் சொல்லுவியாம்மா?" என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன். பிறகு லேப்டாப்பை அவளே பையில் வைத்து, சார்ஜரையும் சுற்றி உள்ளே வைத்துக் கொடுத்தாள். அந்தப் பக்கம் இன்னும் மூடப்படவில்லை. லேப்டாப்பை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுதான். 'வீட்டிலிருந்த யாரோ ஒருவர்' என்று எழுதி அடித்த இடம் ஒன்று உண்டு. அதன் மேல் 'என் மகள் மணிமேகலை' என்று எழுதியிருப்பது என் கையெழுத்து.

(ஒப்பம்)
ஆ. பிரகதாம்பாள்