மச்சான் கையில் குத்திய பச்சை

மணி மாலை ஆறே முக்கால். கால்வாயை ஒட்டி ஓடும் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆள் உயரப் புல்... விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. அங்கேதான் வண்டியின் பின்சக்கரம் பஞ்சர் ஆனது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது. அக்கா புருஷன். பச்சை குத்துவதுதான் தொழில், கடைவீதி மாடியில் சொந்தக் கடை. நாங்கள் அவரை ஊசி மச்சான் என்போம். கையில் இருந்ததைவிட நாக்கில் இருந்த ஊசிதான் கூர். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "வரச்சொல்லுடா, முதுகுல ஒரு தேள் போட்டு அனுப்பறேன்" என்பார்.

அவருடைய இடது முன்கையில் ஒரு பச்சை. மூன்று கோடுகள், முடிவில் கொக்கி மாதிரி ஒரு வளைவு. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தில், ஏதோ மலைக்கூட்டத்து ஆளின் புகைப்படம் இருந்தது. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவர் கையில் இருந்ததை மச்சான் அப்படியே தன் கையில் குத்திக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு மாதிரிக்கு ஒன்று காட்ட வேண்டுமே! அர்த்தம் கேட்டால், "வீரம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். குத்தி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். டயரில் ஏறிய ஆணி தார்ச்சாலையில் தட்டியது. டக்... டக்... செல்போனில் சிக்னல் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

திடீரென்று வண்டி லேசானது.

யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்.

காலடிச் சத்தம் கேட்கவே இல்லை. வாசனைதான் முதலில் வந்தது... விளக்குக் கரியும் கசக்கிய பச்சிலையும் கலந்த வாசனை. மச்சான் ஓரக்கண்ணால் பார்த்தார். பின் சீட்டில் ஒரு கை. முழங்கை வரைக்கும் பச்சை.

"ரொம்ப நன்றிண்ணே" என்றார், திரும்பாமல்.

"கையில என்ன?" கரகரத்த ஆண்குரல்.

"பச்சைண்ணே. நம்ம தொழிலே அதான்."

"யாரு குத்திவிட்டது?"

"நானேதான்."

வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. டக்... டக்...

"அதத் தனக்குத்தானே குத்திக்க முடியாதே தம்பி."

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினார்.

"எங்க ஆளுங்களுக்குக் கைதான் பேரு, ஊரு எல்லாம்" என்றது அந்தக் குரல். "ஆத்த நீந்தினவனுக்கு ஒண்ணு. கரடிகிட்ட தப்பிச்சவனுக்கு ஒண்ணு. புள்ள பெத்தவளுக்கு ஒண்ணு. கையப் பாத்தா ஆளோட கதையே தெரிஞ்சிடும். உன் கையில இருக்கறது வேற. வெளிய போன எடத்துல செத்தவனுக்குப் போடறது. பொணத்துக்கு. மொதக் கோடு அம்மா வீடு, அடுத்தது அப்பன் வீடு, மூணாவது அவன் விழுந்த எடம்..."

"அந்த... வளைவு?"

"வந்து கூட்டிட்டுப் போங்கன்னு அர்த்தம். முன்னாடி போய்ச் சேந்தவங்க அதப் பாத்துட்டுத்தான் வருவாங்க."

அப்போதுதான் மச்சானுக்கு அந்தப் புகைப்படம் புரிந்தது. அந்த ஆள் தூங்கவில்லை.

"நான் உங்க ஆளு இல்லண்ணே... தெரியாம பண்ணிட்டேன். அழிச்சிடறேன்."

"அவங்களுக்குக் கைதான் தெரியும். மூஞ்சி தெரியாது."

சட்டென்று வண்டி கனத்தது. மச்சான் திரும்பினார். வெறும் சாலை. புல் அசையவில்லை. பின் சீட்டில் மட்டும் ஐந்து விரல் தடம்... கரியில்.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடினார்.

இன்றைக்கு அந்தக் கை சுத்தமாக இருக்கிறது. லேசர் வைத்து ஏழெட்டுத் தடவை சுட்டு எடுத்தார்கள். நானே பார்த்தேன், பளபளவென்று வெறும் தோல். கடையை மூடிவிட்டார். வீட்டை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. பின்னால் யார் நடந்து வந்தாலும் சுவரோரம் ஒதுங்கி, அவர்களை முன்னால் போகவிடுகிறார். அந்த வாய்ப்பேச்சு போன இடம் தெரியவில்லை.

சாலையில் நடந்ததையாவது மறந்திருப்பாராம். மறக்க முடியாதது, மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா சொன்ன சேதிதான்.

"எங்கங்க போனீங்க? உங்க ஆளுங்கன்னு நாலு பேர் வந்தாங்க. கூப்பிட்டும் உள்ள வரல. வாசல்லயே நின்னு உங்க உயரம் கேட்டாங்க."

"சொன்னியா?"

"துணிமணி எடுக்கக் கேக்கறாங்களோன்னு உங்க சட்டையும் பேண்ட்டும் கொண்டுவந்து காட்டினேன். ஒருத்தர் சாண் போட்டு அளந்தார். நெனச்சதவிட நீளமா இருக்கு, இன்னும் ஒரு சாண் தோண்டணும்னு பக்கத்துல நின்னவர்கிட்ட சொன்னார்... என்னத்தங்க தோண்டறாங்க?"