அப்பா கையிலிருந்த காந்தக் காப்பு

என் பெயர் லோகேஸ்வரி, தகப்பனார் பெயர் தங்கராஜு, வயது முப்பத்து நான்கு. ஜார்ஜ்டவுன், டத்தோ கிராமட் அடுக்குமாடியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில், காந்தத்தை உணரும் ஹால் சென்சார்களைப் பரிசோதிப்பது என் வேலை. அப்பா அழைத்தும் நான் போனை எடுக்கவில்லை என்று தம்பி தனேஷ் போலீசில் கொடுத்த புகாரின் பேரில் இதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இருதய நோய் இருந்ததால் கையடக்க அவசர அழைப்புக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பொத்தானை அமுக்கினால் அது அமுங்கியபடியே நிற்கும், என் போனுக்கு அழைப்பு வரும், நான் பேசுவது கருவியிலேயே சத்தமாகக் கேட்கும். கருவியை மாட்டிவைக்கும் தாங்கியில் காந்தம் உண்டு. காந்தம் பக்கத்தில் இருப்பதை ஹால் சென்சார் உணர்ந்தால், பேட்டரி தீராமலிருக்கக் கருவி தூங்கிவிடும், அப்போது அமுக்கினாலும் அழைக்காது. "உடம்புலயே வச்சுக்குங்கப்பா, கீழ வச்சிராதீங்க" என்று சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு அம்மா நவமணி, ரத்த அழுத்தம் குறையும் என்று யாரோ விற்ற காந்தக் காப்பை வாங்கி, ஆசையாக அப்பா கையில் மாட்டிவிட்டார். தினமும் காந்தத்தோடு வேலை செய்கிற எனக்கு அதைப் பார்த்தும் உறைக்கவில்லை.

சம்பவத்தன்று அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். அம்மா வந்து பார்த்து, ஆம்புலன்ஸை வரவழைத்து, அதன் பிறகு எனக்குச் சொல்ல, நான் நேராக மருத்துவமனைக்குப் போனேன். உயிர் வீட்டிலேயே போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். திரைக்கு வெளியே நின்றிருந்தபோது என் போன் அடித்தது. 'அப்பா' என்று காட்டியது. எடுத்து, "இதோ வந்துட்டேன்பா" என்றேன். என் குரல் திரைக்கு உள்ளிருந்து கேட்டது.

உள்ளே தாதி ஷஹீதா அப்போதுதான் காப்பைக் கழற்றியிருந்தார். கீழே விழாதிருக்க அப்பா கருவியைக் காப்புக்கு அடியில் செருகி வைத்திருந்திருக்கிறார். பொத்தான் அமுங்கியிருந்தது. காப்பு விலகியதும் கருவி விழித்து என்னை அழைத்திருக்கிறது. அது அப்பா அழைத்ததுதான்.

அதன் பிறகு வீட்டில் அம்மா, "அவரு கூப்புடாமயா இருந்திருப்பாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா காலையிலேயே கூப்பிட்டார், நான்தான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுத்தான் தம்பி இங்கே வந்தான். அம்மா என்னோடு பேசுவதில்லை. அந்தக் காப்பை இப்போது தன் கையில் போட்டிருக்கிறார்.

அழைப்பு வந்த நேரம் என் போனில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். தம்பிக்குச் சொல்லுங்கள். அம்மாவுக்கு வேண்டாம்.

கார்ப்பரல் காமாரியா மலாயில் பதிவு செய்ததை மொழிபெயர்ப்பாளர் தமிழில் படித்துக் காட்டக் கேட்டுக்கொண்டேன். இங்கே நான் சொன்னதெல்லாம் உண்மை. வீட்டில் சொன்னதுதான் பொய்.

(ஒப்பம்)
லோகேஸ்வரி