வட்டத்தில் ஒரு தாமரை

“இன்னாடா, தங்கச்சி எடத்துல தாமரப்பூ வச்சிக்கீற?”

கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த இருவரில் அண்ணன், தம்பியிடம் கேட்டார். இருவர் மடியிலும் விரிந்து கிடந்தது பேனர். அம்மாவின் முதலாண்டு நினைவுக்கு. நடுவில் அம்மா, சுற்றிப் பிள்ளைகள், வெளிவட்டத்தில் பேரப்பிள்ளைகள்.

“வேற ஜாதில கட்டிக்கினவ, சொந்தக்காரங்க கேப்பாங்க, அவ வேணாம்னு நீதானண்ணா சொன்ன.”

“சொன்னேன். மத்தவங்கள நெருக்கி வச்சிருக்கலாமே.”

“கேட்டேன். ஒருத்தர நவுத்துனா வட்டம் முழுக்க மாத்தணுமாம். கடைக்காரன்தான் பூவ வச்சிட்டான்.”

“பளிச்சினு தெரியுதேடா.”



அண்ணன் பேனரைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். “அம்மா நல்லா சிரிச்சிகினு கீது. ஏது இந்த போட்டோ?”

“நம்ம வூட்ல எடுத்தது எதுலயும் அது சிரிக்கலண்ணா. கடசில தங்கச்சி வூட்ல இருந்துச்சே, அங்க எடுத்தது. அவகிட்டதான் கேட்டு வாங்குனேன்.”

“எதுக்குன்னு கேட்டாளா?”

“கேக்கல. ஒடனே அனுப்பிட்டா.”

திருவொற்றியூர் வந்தது. படம் உள்பக்கம் போகும்படி அண்ணன் பேனரைச் சுருட்டினார். இறங்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.