பெயிலான பாடத்துக்குக் குப்பி

கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறிய இரண்டு கெம்பஸ் பிள்ளைகள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"பெயிலான பாடத்துக்கு நீயே குப்பி குடுக்கிறியாமே! ஜூனியருங்க பாவம் இல்லையா?" என்றாள் ஒருத்தி. பரீட்சை நெருங்கினால் மாணவர்களே மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்புக்குப் பெயர் குப்பி.

மற்றவள் சிரிக்கவில்லை. "எந்த இடத்துல விளங்காம போகும்னு என்னைவிட யாருக்குடி தெரியும்? அவங்க கேக்குற கேள்விக்காக ரெண்டு நாளா லைப்ரரியில கெடந்தேன். எனக்காக ஒரு நாளும் அப்படித் தேடினதில்ல."

"ரிபீட் எழுதுறப்ப அவங்களோட ஒரே பரீட்சை ஹோல்ல இருக்கணுமே. வெக்கமா இருக்காதா?"

"இருக்கட்டும். போன தடவை வெறுந்தாளைக் குடுத்துட்டு மொத ஆளா எழும்பி வந்தேன். இந்தத் தடவை நான் படிப்பிச்ச பிள்ளைங்க சுத்தி இருப்பாங்க. எழும்பிருவேனா?"