சின்ன ஆம்ப், பெரிய பெட்டி

இல்ல தம்பி, ஃபோனைக் கீழ வைங்க. உங்க அண்ணனுக்கு இப்பவே சொல்ல வேணாம். இருங்க, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன். நாற்காலியெல்லாம் வேணாம், இந்த ஸ்பீக்கர் பெட்டி மேலயே உக்காந்துக்கறேன், எங்க பெட்டிதானே. வயரு எரியலக்கா, யாரோ வெட்டியிருக்காங்கன்னு நீங்க ஃபோன்ல சொன்னதும், அடுப்பை அணைச்சேனா இல்லையான்னுகூடத் தெரியாம உங்க ரிப்பேர் கடைக்கு ஓடி வந்திருக்கேன். நல்லவேளை, எங்க வீட்டுக்காரரு குளிக்கப் போயிருந்தாரு. நான் எடுத்தேன்.

அணைச்சேன், அணைச்சேன். இப்ப ஞாபகம் வந்துடுச்சு.

நாலு மணிக்கு வருவாரு. வந்ததும் வணக்கம்கூடச் சொல்லமாட்டாரு, பெட்டியில என்ன கோளாறுன்னுதான் கேப்பாரு. ஆம்ப்ளிஃபையர் சின்னது அண்ணே, அதான் மறுபடியும் ட்வீட்டர் எரிஞ்சிருக்குன்னு சொல்லிடுங்க. என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆம்ப் சின்னதுங்கறது பொய்யா? நூத்தம்பது வாட்ஸ் ஆம்ப், முன்னூறு வாட்ஸ் பெட்டி. எத்தனை தடவை நீங்களே சொல்லியிருக்கீங்க.

எனக்குத் தெரியாதா தம்பி? இருபத்தெட்டு வருஷமா அவரு மைக் செட் போடற இடத்துக்கெல்லாம் ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு அலையறேன். பெரிய ஆம்ப் போட்டா ஸ்பீக்கர் போயிடும், சின்னதுன்னா பத்திரம்னு உலகமே நினைச்சுக்கிட்டிருக்கு. கல்யாணமான புதுசுல நானும் அப்படித்தான் நினைச்சேன். இங்க வா, இந்தச் சிவப்பு லைட்டைப் பாருன்னு உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. சின்ன ஆம்பை முழுசாத் திருப்பினா அது திணறும், சத்தத்தோட தலையைச் சீவிச் சீவி அனுப்பும், அந்தச் சூடு மொத்தமும் பெட்டியில மேல இருக்கற சின்ன ஸ்பீக்கர்லதான், அந்த ட்வீட்டர்லதான் போய் விழும்னு. முன்னூறு வாட்ஸ் பெட்டிக்கு ஐநூறு, அறுநூறுன்னு ஆம்ப் இருக்கணும், அதையும் பாதியில வச்சு ஓட்டணும்னு. அப்பேர்ப்பட்ட மனுஷன்.

அவருகிட்ட பெரிய ஆம்ப் இருந்துச்சே, போன வருஷம் செத்துப்போச்சே. வெறும் பேச்சுக் கூட்டத்துக்கு இது போதும்னு இந்தச் சின்னதை எடுத்துக்கிட்டாரு. போதும்தான், அளவா வச்சா. அவரு எங்க வைக்கறாரு? கூட்டம் ஆரம்பிச்சு முடியற வரைக்கும் சிவப்பு லைட்டு பளிச் பளிச்சுன்னு அடிக்குது. சொல்லிக் குடுத்தவரு பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு.

முதல் தடவை எரிஞ்சது ஞாபகம் இருக்கா? வாசல்ல யார்கூடவோ பேசிக்கிட்டிருந்தவரு உள்ள ஓடி வந்தாரு, வலது பக்கம் மேல் சத்தம் போச்சுடின்னு. மண்டபத்துல வேற யாருமே கவனிக்கல. அதுவே ரெண்டாவது தடவை எரிஞ்சப்ப, பேச வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மேடையை விட்டு இறங்கி வந்து, சத்தம் சரியில்லைன்னு அவருகிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடல.

ஆமா தம்பி. அவரு காதுதான். நீங்களே வாயால சொல்லிட்டீங்க, எனக்குச் சொல்ற வேலை மிச்சம்.

டாக்டர்கிட்ட போகலாம்னு சொல்லாம இருப்பேனா? சொன்னதுக்கு மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. நீங்க ரெண்டாவது தடவை ட்வீட்டரை மாத்திக் குடுத்தீங்கல்ல, அதுக்கப்புறம் ட்ரெபிளையும், அதான் அந்த மேல் சத்தத்தையும், கடைசி வரைக்கும் ஏத்தி வைக்க ஆரம்பிச்சுட்டாரு. ஸ்ஸ்ஸ்னு காதுல ஊசி ஏத்தற மாதிரி ஒரு சத்தம். முன் வரிசையில ஒரு அம்மா கைப்பையைத் தூக்கிக் காதுல பொத்திக்கிச்சு. கொஞ்சம் குறைங்களேன்னு போய்ச் சொன்னேன். உனக்கு என்ன தெரியும், மைக் பிடிக்கற வேலையைப் பாருன்னாரு. அத்தனை பேரு முன்னாடி. வலிச்சுது தம்பி, இல்லைன்னு சொல்லமாட்டேன்.

இப்ப என்னடான்னா, மண்டபத்து மேனேஜர் வேற மாதிரி சத்தம் போடறாரு. பேசறது ஒண்ணுமே புரியல, போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு, சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணலன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு. அதான் ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கிட்டு இங்க வந்தாரு. வர்ற வழியெல்லாம் மேனேஜரைத் திட்டிக்கிட்டே வந்தாரு, அவனுக்குத்தான் காது சரியில்லைன்னு.

சரி பண்ணிக் குடுங்க, வேணாங்கல. வயரை ஒட்டுங்க, ஒரு பெரிய ஆம்பையும் பாத்துச் சொல்லுங்க. அதையும் முழுசாத் திருப்பினா பெட்டியே போயிடும்னுதானே யோசிக்கறீங்க? நியாயந்தான். உள்ள ஏதாவது பண்ணி ஒரு அளவுக்கு மேல போகாத மாதிரி வச்சுடுங்க. மீதியை நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். வயரு வெட்டியிருந்துச்சுன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். சொன்னா, எப்பலேர்ந்துன்னு யோசிப்பாரு. யோசிச்சா அவருக்குப் புரிஞ்சுடும். அப்புறம் அந்த மனுஷன் எழுந்திருக்கமாட்டாரு.

விரோதியா? அட போங்க தம்பி, எங்களுக்கு யாரு விரோதி.

ஆமா, ரெண்டு பெட்டியிலயும்தான். முனை ஒண்ணோட ஒண்ணு உரசாம தனித்தனியா டேப் சுத்தியிருக்குல்ல? வேலை தெரிஞ்ச ஆளுதான், சரியாத்தான் சொல்றீங்க. அப்படித்தான் சுத்தணும்னு அவருதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு.

வாயை மூடுங்க, ஈ பூந்துடப்போவுது. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஜனங்க காதைப் பொத்தறாங்க, சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. இன்னொரு ட்வீட்டர் எரியறதுக்கு முன்னாடி வெட்டிடலாம்னு வெட்டினேன். அது மட்டுமில்ல. மைக்கைத் தட்டினதுமே கண்டுபிடிச்சிடுவாரு, என் பெட்டியில எவ கை வச்சதுன்னு மண்டபம் அதிரக் கத்துவாரு, வாங்கிக் கட்டிக்கலாம்னு இருந்தேன். கத்தணும்னு வேண்டிக்கிட்டேதான் போனேன் தம்பி. போனோம். பெட்டியை வச்சாரு, வயரைச் சொருகினாரு, மைக்கை ரெண்டு தட்டு தட்டினாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, பளிங்கு மாதிரி கேக்குது, பாத்தியான்னு சிரிச்சாரு.

ஆமாங்கன்னேன். மூணு மாசமா, ஒவ்வொரு கூட்டத்துக்கும், ஆமாங்கன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.